கிணற்றுக்கட்டில் ஓர் அரசங்கன்று

கிணற்றுக்கட்டில் முளைத்த அரசங்கன்றைச் சனிக்கிழமை பிடுங்குவதாக இருந்தேன். தோண்ட இரும்பு அலவாங்கைக்கூட எடுத்துக் கதவோரம் சாத்தி வைத்தாயிற்று. வியாழக்கிழமை கோயில் நிருவாகத்தார் நான்கு பேர் வந்து அதைப் பிடுங்கச் சொன்னார்கள். ஆகவே நான் பிடுங்கவில்லை.

என் குணம் இது. ஐம்பத்தெட்டு வயதில் மாறும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். கதவைச் சாத்து என்று யாராவது சொன்னால், சாத்தப் போன கை அப்படியே நின்றுவிடும். அம்மா இதற்காக என்னை அடித்திருக்கிறார், பலன் இல்லை. பன்னிரண்டு வருடமாகத் தியானம் செய்கிறேன், அதிலும் பெரிய பலன் இல்லை. கை நிற்கப் போகிறது என்பது இப்போது கொஞ்சம் முன்னதாகவே தெரிகிறது, அவ்வளவுதான்.

கன்று முழங்கால் உயரம் இருக்கும். ஏழெட்டு இலை. காகம் எச்சமிட்டதில் முளைத்திருக்க வேண்டும். எங்கள் பகுதியில் எந்தத் தோட்டக்காரரும் கிணற்றுக்கட்டில் அரசை விட்டுவைக்கமாட்டார். வேர் பெருத்தால் கட்டு பிளக்கும், கல் விழும், கிணறு தூர்ந்து போகும்.

ஆனால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் வடக்கே, நாங்கள் திரும்பி வந்து குடியேறியிருக்கிற இந்தத் துண்டு நிலத்தில், அரசமரம் வெறும் மரமில்லை. அதன் கீழ் பிள்ளையாரும் இருப்பார், புத்தரும் இருப்பார். யார் முந்திக்கொள்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இன்றைக்கு ஒரு சிலை வரும், நாளைக்குக் கொடி வரும், மறுநாள் வேலி வரும், பிறகு காணிக்காரர் தன் காணியை வெளியே நின்று பார்ப்பார். இதுதான் சனத்தின் பயம். அதைப் பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இராணுவ வேலிக்கு வெளியே நின்றவர்களில் நானும் ஒருத்தி.

அவர்களின் பயத்துக்கு இரண்டாவது காரணம் நான். காலை ஆறு மணிக்கு, வெள்ளைப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக, கிணற்றடியில் வெறும் மண்ணில் சப்பாணி கட்டிக் கண்ணை மூடிக்கொண்டு இருக்கும் ஒரு பெண்பிள்ளை. பக்கத்தில் அரசங்கன்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் புத்த விகாரைதான் தெரியும். அந்தக் கன்றின் நிழலில் அமர நான் எலியாகப் பிறந்திருக்க வேண்டும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

நிருவாகத்தின் தலைவர் என்னோடு படித்தவர். நாலாம் வகுப்பில் என் சிலேட்டை எட்டிப் பார்த்து எழுதியவர். இப்போது பென்சன் எடுத்த பள்ளிக்கூட அதிபர். கன்றைக் கைத்தடியால் காட்டினார்.

"உதைப் பிடுங்கிப்போடும்."

"ஏன்?"

"ஏனெண்டு உமக்குத் தெரியும். சனம் கதைக்குது."

"சனம் எப்பவும் கதைக்கும்."

"நீர் உதுக்குக் கீழை இருந்து பிக்குமார் மாதிரிப் பிரித் ஓதுறீராம்."

"நான் வாயே திறக்கிறேல்லை. மூச்சைப் பாக்கிறன்."

"மூச்சிலை பாக்கிறதுக்கு என்ன கிடக்கு?" என்று கூட வந்தவர்களில் ஒருவர் கேட்டார். உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்ட மாதிரித்தான் இருந்தது. தலைவர் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"நேராச் சொல்லும்," என்றார் தலைவர். "நீர் எந்தப் பக்கம்?"

"கிணத்தடிப் பக்கம்."

"பகிடி விடாதையும். சமயம் மாறீட்டீரோ எண்டு கேக்கிறன்."

"போன வெள்ளிக்கிழமை கோயிலிலை எனக்கு விபூதித் தட்டை நீட்டினது நீர்தானே?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு அது ஏற்கெனவே வந்திருந்தது. போகிறபோது வாசற்படலையில் நின்று திரும்பிச் சொன்னார். "உது உங்கை நிக்கிற வரைக்கும், நீர் உங்கை உப்பிடிக் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிற வரைக்கும், உம்மடை தோட்டத்துக்கு நடுகைக்கு ஆக்கள் வரமாட்டினம். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

அது வெறும் மிரட்டல் இல்லை. மாரி ஓய்ந்திருந்தது. பாத்தி கட்டித் தயாராக இருந்தது. விதை வெங்காயம் பிடி பிடியாகக் கட்டி என் வீட்டுக் கூரை வளையில் தொங்கியது. இன்னும் பத்து நாளுக்குள் மண்ணுக்குள் போகாவிட்டால் அது தொங்கிய இடத்திலேயே முளைத்து வீணாகும். வெங்காயம் நடும் பெண்கள் கூட்டமாக வருவார்கள், கூட்டமாகவே வராமல் விடுவார்கள். எங்கள் ஊரில் ஒருத்தியை ஊரை விட்டுத் துரத்த யாரும் தடி எடுக்க வேண்டியதில்லை. நடுகைக்கு வராமல் விட்டால் போதும்.

இந்தக் காணியைப் பற்றிச் சொல்லவேண்டும். இது என் சீதனக் காணி. எனக்குக் கலியாணம் பேசியபோது இது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. அப்பா காணி உறுதிப் பத்திரத்தை விரித்து மாப்பிள்ளை வீட்டாரிடம் காட்டினார். நாளைக்கே விட்டுவிடுவார்கள் என்று அவர் நம்பினார், அவர்களும் நம்பினார்கள். விடவில்லை. ஆறு வருடம் போயிற்று. எனக்குப் பிள்ளையும் தங்கவில்லை. மாமியார் ஒரு நாள் சாப்பாட்டுக் கோப்பையை எனக்கு முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: "கால் வைக்க ஏலாத காணி, கரு தங்காத வயிறு. நல்ல சோடி." அதற்குப் பிறகு நான் அந்த வீட்டில் அதிக நாள் இருக்கவில்லை. கணவர் தடுக்கவும் இல்லை. ஊர் எனக்கு வாழாவெட்டி என்று பெயர் வைத்தது. ஊர் மறந்த பிறகும் அந்தப் பெயரை நானே எனக்கு வைத்துக்கொண்டிருந்தேன்.

அரசாங்க உத்தியோகம் இருந்ததால் கண்டிக்கு மாற்றம் கேட்டுப் போனேன். அங்கே பக்கத்து மேசையில் ஒரு சிங்களப் பெண். என் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையில் இருக்கும் தியான நிலையத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். அங்கே என்னிடம் ஒருவரும் எந்த ஊர், என்ன சாதி, எத்தனை பிள்ளை, அவர் எங்கே என்று கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்திக்கு இது எப்பேர்ப்பட்ட ஆறுதல் என்பதை யாழ்ப்பாணத்துப் பெண்தான் அறிவாள். கால் நிலத்தில் படுவதை அறிந்துகொண்டு நடக்கச் சொன்னார்கள். மூச்சு வருவதையும் போவதையும் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன்.

ஒன்று மட்டும் வரவில்லை. மைத்திரி என்று அவர்கள் சொல்வது, எல்லோரும் சுகமாக இருக்கட்டும் என்று மனதுக்குள் நினைப்பது. அதை முதலில் தனக்குச் சொல்லவேண்டும். அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். எங்கள் அலுவலகப் பூனைக்குச் சொன்னேன். வீம்புக்கு மாமியாருக்கும் சொன்னேன், அதுகூட வந்தது. எனக்குச் சொல்லப் போனால் பாதியிலேயே நின்றுவிட்டது. நான் சுகமாக இருக்கவேண்டும் என்பது ஏதோ கள்ளக் கையெழுத்து வைப்பது போல இருந்தது.

ஒரு நாள் அந்தப் பெண் ஒரு கதை சொன்னார். புத்தர் அரசமரத்தின் கீழ் இருந்தபோது மாரன் வந்து, இந்த இடத்தில் இருக்க உனக்கு என்ன உரிமை, யார் சாட்சி என்று கேட்டானாம். புத்தர் ஒன்றும் பேசாமல் கையை நீட்டி நிலத்தைத் தொட்டாராம். கேட்டுவிட்டு நான் சிரித்தேன். எங்கள் ஆட்கள் என்றால் உடனே உறுதியை எடுத்துக் காட்டியிருப்பார்கள் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. உறுதி மட்டும் கையிலும் காணி வேலிக்கு அப்பாலும் இருந்தவர்களுக்குத்தான் அது விளங்கும்.

காணி விடுபட்ட அன்று நான் லீவு எடுத்து வந்தேன். வீடு இல்லை, மதில் இல்லை, எல்லைக்கல் இல்லை. எல்லாவற்றையும் புல்டோசர் நிரவியிருந்தது. முந்நூறு பேர் பற்றைக்குள் தங்கள் காணியைத் தேடிக்கொண்டு ஓடினார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக நடந்தேன், மலையில் பழகிய அதே நடை. "உவவுக்கு என்ன வருத்தமோ?" என்று ஒருத்தி கேட்டது காதில் விழுந்தது. அரை மணி நேரம் நடந்திருப்பேன். பற்றைக்குள் கால் ஒரு கல்லில் இடித்தது. கிணற்றுக்கட்டு. அப்பா சீமெந்தில் பதித்த என் பிறந்த வருடம் பாதி உடைந்து கிடந்தது.

அதன் பக்கத்தில் மண்ணில் அப்படியே இருந்துவிட்டேன். பாதமெல்லாம் செம்பாட்டு மண். கையையும் மண்ணில் வைத்தேன். அது சூடாக இருந்தது. அப்போது, யாரும் சொல்லிக்கொடுக்காமல், நீ சுகமாக இரு என்று எனக்கு நானே சொன்னேன். இந்த முறை பாதியில் நிற்கவில்லை. வெட்கம் கெட்ட அழுகை ஒன்று வந்தது, அழுதேன். பென்சன் எடுத்த கையோடு வந்து இரண்டு அறை வீடு கட்டினேன். அன்றிலிருந்து காலையில் நான் இருக்கும் இடம் அதுதான். கன்று பிறகு வந்தது. நான்தான் முதலில் வந்தவள்.

நிருவாகத்தார் வந்துபோன மறுநாள் நான் உரம் எடுக்கச் சுன்னாகம் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கன்றின் அடியில் ஒரு வேல் நட்டிருந்தது. சந்தனம், குங்குமம், ஒரு மாலை, பாதி எரிந்த கற்பூரம். முருகன் எனக்கும் வேண்டியவர்தான். நல்லூர் திருவிழாவில் வருடம் தவறாமல் நிற்கிறவள் நான். ஆனால் வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவரைக் காவற்காரனாக்கிக் கிணற்றடியில் நிறுத்தியிருந்தார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. சாமியையும் இப்படி எல்லைக்கல்லாக்கலாம் என்பது எங்கள் ஆட்களின் கண்டுபிடிப்பு.

வேல் வந்த செய்தி காற்றில் போயிற்று. திங்கட்கிழமை இராணுவ முகாமிலிருந்து ஓர் அதிகாரி, சாதாரண உடுப்பில், மோட்டார் சைக்கிளில் வந்தார். மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கன்றுக்குக் கிட்டப் போனார். கும்பிட்டார்.

"அம்மா, இது மிச்சம் புண்ணியமான மரம்," என்றார். "ஆரும் கரைச்சல் குடுத்தா எங்களுக்குச் சொல்லுங்க. நாங்க சுத்தி வேலி போட்டுத் தாறம். சின்ன மண்டபமும் கட்டலாம். நீங்க நிழலில இருந்து பாவனா செய்யலாம்."

பாவனா என்பது தியானத்துக்கு அவர்கள் சொல்லும் சொல். எனக்குப் பிடித்த சொல்தான்.

"என்ரை காணிக்கு நீங்கள் வேலி போட்டது காணும், தம்பி," என்றேன்.

அவர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். நான் படலை வரைக்கும் கூடப் போய், அவர் போன பிறகு கொளுக்கியைப் போட்டேன்.

புதன்கிழமை நடுகை என்று சொல்லியிருந்தேன். ஒருத்தியும் வரவில்லை. பக்கத்துக் காணிக்காரி மட்டும் வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள். நடுகைப் பெண்களுக்கு அவள்தான் தலைவி. நான்கு பிள்ளைக்காரி. எங்கள் பக்கத்தில் நடுகைக்கு நாள் வைப்பது என்றொரு வழக்கம் உண்டு. நல்ல நேரத்தில் முதல் வெங்காயத்தை ஒரு பெண் நடுவாள். தாலியும் பிள்ளைகளும் உள்ளவளாக இருக்கவேண்டும், அப்போதுதான் தோட்டம் பலிக்குமாம். போன இரண்டு போகமும் என் தோட்டத்தில் நாள் வைத்தவள் அவள்தான். நான் வரம்பில் ஒதுங்கி நின்றேன். யாரும் என்னை ஒதுங்கச் சொல்லவில்லை. நானாகத்தான் ஒதுங்கினேன்.

"அக்கா, கோவிக்காதேங்கோ," என்றாள். "நிருவாகம் சொல்லிப்போட்டுது. நான் வந்தால் எனக்கு மற்றத் தோட்டங்களிலை வேலை இல்லை."

"நான் உம்மைக் குறை சொல்லேல்லை."

"உந்தக் கண்டறியாத கண்டைப் பிடுங்கிவிட்டால் என்ன? நீங்களே பிடுங்க இருந்தனீங்கள்தானே, அலவாங்கு வெளியிலை நிண்டதைக் கண்டனான்."

உள்ளே போனேன். அண்ணாந்து பார்த்தால் வளையில் தொங்கிய வெங்காயம் பச்சையாக மூக்கை நீட்டியிருந்தது.

வியாழன் காலை கிணற்றடியில் இருந்தேன். மூச்சைப் பார்ப்பதாகப் பெயர். பார்த்ததெல்லாம் தலைவரின் முகம். அவருக்குச் சொல்ல மறந்த பதில்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன். நல்ல பதில்கள், இப்போதும் சொல்லலாம். ஏழாவதோ எட்டாவதோ பதிலில் இருந்தபோது கிணற்றுக்குள் சத்தம் கேட்டது. எழுந்து எட்டிப் பார்த்தேன். கட்டிலிருந்து ஒரு கல் பெயர்ந்து தண்ணீரில் விழுந்திருந்தது. பெயர்ந்த இடத்தில் விரல் தடிப்பில் வெள்ளை வேர்.

முதலில் வந்தது மாமியாரின் குரல். வாழாவெட்டி, உனக்கு ஒரு கிணற்றைக்கூட வைத்திருக்கத் தெரியாது. அந்தக் குரலோடு முப்பது வருடப் பழக்கம். அது வந்தால் நான் எழுந்து வேலை செய்யத் தொடங்கிவிடுவேன், கேட்காத மாதிரி. அன்று எழும்பவில்லை. மறுபடியும் மண்ணில் இருந்து, கையை மண்ணில் வைத்துக்கொண்டு அதை முழுக்கக் கேட்டேன். அதற்குக் கீழே இருந்தது கோபமில்லை, பயம். மறுபடியும் என்னை வேலிக்கு வெளியே நிறுத்திவிடுவார்களோ என்ற வெறும் பயம். பயந்த பிள்ளையிடம் கதைப்பது போல எனக்கு நான் சொன்னேன்: பயந்துபோனாய். பரவாயில்லை. பிழை ஒன்றும் இல்லை.

பிறகு தெளிவாகத் தெரிந்தது. நிருவாகம் முருகனின் வேலை நட்டது, அதிகாரி வேலி போட வந்தார், நான் வீம்பை நட்டிருந்தேன். மூன்று பேரும் ஒரே கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். என் காணியைக் காட்டித் தந்த ஒரே சாட்சி கிணறு. அது இடிந்துகொண்டிருந்தது, நான் ஊரோடு கோபம் சாதித்துக்கொண்டிருந்தேன்.

கன்றடியில் நட்டிருந்த வேலைப் பிடுங்கிக் கழுவி, புது வேட்டித் துண்டில் சுற்றி வைத்தேன். அலவாங்கை எடுத்தேன். ஒரு மணி நேர வேலை. வேர் சுலபத்தில் விடவில்லை, நானும் விடவில்லை. கன்று வந்ததும் அதை வேலிக்கு மேலால் பக்கத்துக் காணிக்குப் போட்டேன். அங்கே கட்டியிருந்த ஆடு இரண்டு நிமிடத்தில் இலை முழுவதையும் தின்றது. அதற்கு எந்தப் பக்கமும் இல்லை.

வேலோடு கோயிலுக்குப் போனேன். தலைவர் வெளி வீதியில் நின்றார். நான் வருவதற்குள் செய்தி வந்திருந்தது, முகமெல்லாம் சந்தோஷம்.

"நல்ல முடிவு," என்றார். "சொன்னால் கேப்பீர் எண்டு எனக்குத் தெரியும்."

"நீர் சொல்லிப் பிடுங்கேல்லை. கிணறு சொல்லிப் பிடுங்கினனான்." வேலை அவர் கையில் கொடுத்தேன். "இனி என்ரை காணிக்குள்ளை ஆரையும் நடுறதெண்டால், சாமியெண்டாலும், என்னட்டைக் கேட்டுப்போட்டு நடுங்கோ."

அவர் கையிலிருந்த வேலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இனி உந்தக் கண் மூடுற வேலையும் இல்லைத்தானே? மரந்தான் இல்லையே."

"மரத்துக்குக் கீழை நான் ஒருநாளும் இருக்கேல்லை, அதிபர். மண்ணிலைதான் இருந்தனான். மண் அங்கைதான் கிடக்கு."

மறுநாள் ஆறு மணிக்கு, அதே வெள்ளைப் பாவாடையோடு, கன்று நின்ற பள்ளத்துக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். வீதியில் ஒரு சைக்கிள் நின்றது கேட்டது. நின்று, கொஞ்ச நேரம் பார்த்து, போயிற்று. பிறகு மோட்டார் சைக்கிள் ஒன்றும் அப்படியே நின்று போயிற்று. நான் கண் திறக்கவில்லை. பார்ப்பவர்கள் பார்க்கட்டும் என்று இருந்தேன்.

கண்ணைத் திறந்ததும் வளையிலிருந்து ஒரு பிடி வெங்காயத்தை இறக்கினேன். முதற் பாத்திக்குத் தண்ணீர் கட்டினேன். நல்ல நேரம் பார்க்கவில்லை. வரம்பில் நிற்கவும் இல்லை. நேரே பாத்திக்குள் இறங்கிக் குந்தியிருந்து, முதல் வெங்காயத்தைப் பெருவிரலால் ஈர மண்ணுக்குள் அழுத்தினேன். கை மணிக்கட்டு வரை மண்ணானது. நீ சுகமாக இரு என்று சொன்னேன். வெங்காயத்துக்கா எனக்கா என்று கேட்டால், இரண்டு பேருக்கும்தான்.

பத்தாவதோ பதினைந்தாவதோ நட்டபோது பக்கத்துக் காணிக்காரி பாத்தியின் மறு தலைப்பில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள்.

"கண்டைப் பிடுங்கீட்டீங்களெண்டு வந்தனாங்கள், அக்கா. ஆர் நாள் வைச்சது?"

"நான்."

அவள் மற்ற இருவரையும் பார்த்தாள். அவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

"நீங்கள் வைக்கக்கூடாதெண்டு தெரியுந்தானே?"

"தெரியும். விருப்பமில்லாட்டில் போங்கோ. நான் தனிய நட்டு முடிப்பன். எனக்கு நேரம் இருக்கு."

ஒருத்தி போய்விட்டாள். அவளை நான் பிழை சொல்லவில்லை. மற்றவளும் பக்கத்துக் காணிக்காரியும் போகவில்லை. பக்கத்துக் காணிக்காரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தி, என் கையிலிருந்த பிடியில் பாதியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தள்ளுங்கோ," என்றாள். "உப்பிடி நட்டால் சித்திரைக்கும் முடியாது."

நான் தள்ளவில்லை. முதல் வெங்காயத்துக்குப் பக்கத்தில், நான் குந்தியிருந்த இடத்திலேயே குந்தியிருந்தேன். அவள்தான் சுற்றிக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போனாள்.